உச்சி வெயிலில் கழுகும் பருந்தும்: ஃபில்டர் வாங்குவதற்கு முன்

தம்பி, நீங்கள் கேட்டது ஃபில்டரைப் பற்றி. அக்கரைப்பற்றில் வேலை, ஓய்வு ஞாயிறு ஒருநாள்தான், வீட்டு அலுவல் முடித்துக் கமராவோடு வெளிக்கிடப் பத்து மணியாகிவிடுகிறது, மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும். 150-600 லென்ஸில் எடுத்த கடற்கழுகுக்குத் தலையும் நெஞ்சும் வெந்து வெள்ளைத் தாளாகிவிடுகிறது, செம்பருந்துக்கு வயிற்றுப் பக்கம் கரிக்கட்டை, கண் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, ஷட்டரை 1/3200 நொடியில் வைத்து ஐஎஸ்ஓவை (கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு) ஆட்டோவில் விட்டும் படம் மசமசவென்று வருகிறது, பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் வாங்கவா, லென்ஸையே மாற்றவா என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற கேள்வி வேறு. எனக்குக் கிடைக்கிற அந்த ஐந்து மணித்தியாலத்தில் உருப்படியாக ஏதாவது எடுக்க முடியுமா, இதுவரை கெட்டுப்போனதெல்லாம் என் சாமானின் குற்றமா என் குற்றமா என்பதுதானே? என் கணக்கில் சாமானின் குற்றம் மிகக் கொஞ்சம். உங்கள் குற்றமும் அவ்வளவு இல்லை, சூரியன் நிற்கிற உயரத்தை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், எதை நம்பலாம் எதைத் தள்ளலாம் என்று பார்க்க உதவும். எனக்குச் சோறு போடுவது கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா. பறவை பொழுதுபோக்கு. வெளிச்சத்தைப் பற்றி நான் சொல்வதைத் தாராளமாக நம்பலாம், ஏனென்றால் நம்மூர்த் தேர் உச்சி வெயிலில்தான் இருப்புக்கு வரும், வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும் ஒரே படத்தில் நிற்கும், அதைச் சரியாக எடுக்காவிட்டால் காசு வராது. பறவையின் குணத்தைப் பற்றிச் சொல்வது மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று பார்த்ததும் மீன்பிடிக்கிறவர்கள் சொல்லக் கேட்டதும் மட்டும்தான், விலங்கியல் படித்தவன் இல்லை. உங்கள் கமராவின் மெனுவும் எனக்குத் தெரியாது, ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறான்.

முதலில் சூரியன். இணையத்தில் இருக்கிற பாடங்களில் அநேகமானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து எழுதியவை. அங்கே சூரியன் சரிந்து சரிந்து ஏறும், காலை மஞ்சள் வெளிச்சம் நீண்ட நேரம் கிடைக்கும். நாம் இருப்பது 7 பாகையும் சொச்சமுமான அகலக்கோட்டில். இங்கே சூரியன் தென்னைமரத்தில் ஏறுகிறவன் மாதிரி நெட்டுக்குத்தாக ஏறும், மணிக்கு ஏறக்குறைய 15 பாகை. ஆறு மணிக்கு உதித்தது எட்டு மணிக்கு 30 பாகையில், ஒன்பதுக்கு 45 பாகையில் நிற்கும். சித்திரை வருடப் பிறப்புக்கு முன்பின்னாக ஒருதடவை, ஆவணியில் செப்டம்பர் தொடக்கத்தில் ஒருதடவை, மட்டக்களப்பில் பன்னிரண்டு மணியை ஒட்டிச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும், நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. மார்கழியில் அப்படியில்லை. நண்பகலில்கூடத் தெற்கே சரிந்து 59 பாகையில்தான் நிற்கும், ஒன்பதரை பத்து வரை 45க்குக் கீழே இருக்கும். ஆகவே மார்கழி ஞாயிறு பத்து மணியும் சித்திரை ஞாயிறு பத்து மணியும் ஒன்றல்ல. மணிக்கூடு பார்க்காமல் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்துக்குச் சமமாக இருந்தால் சூரியன் 45 பாகையில். நிழல் உங்களைவிடக் கட்டையாகிவிட்டதா, பருந்தின் வயிறு இருளத் தொடங்கிவிட்டது, கண்ணின் மேல் புருவம் போல நீட்டிக்கொண்டிருக்கிற எலும்பு கண்ணை மூடிவிட்டது. கொக்குக்கு அந்தத் தொல்லை இல்லை, கழுகுச் சாதிக்கு உண்டு. அதனால்தான் உங்கள் படங்களில் கண் காணாமல் போகிறது.

ஆகவே பத்து முதல் மூன்று என்ற உங்கள் நேரத்தை வீட்டில் பேசி ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளப் பாருங்கள். பதினொன்று முதல் இரண்டு வரை சோறு சாப்பிட்டுப் படுத்தெழும்பினாலும் ஒன்றும் குறையாது. மூன்று மணிக்குச் சூரியன் மறுபடி 45 பாகைக்கு இறங்குகிறது, நீங்கள் கமராவைப் பையில் போடுகிற நேரத்தில்தான் வெளிச்சம் திரும்பி வருகிறது!

எங்கே நிற்பது என்பதை நம் முன்னோர் ஊர்ப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை, மேற்கே வயல்பக்கம் படுவான்கரை. காலையில் எழுவான்கரையில் வாவி ஓரமாக, கல்லாறு, களுதாவளைப் பக்கம் எங்கேயாவது நின்று தண்ணீரைப் பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால், முன்னால் பறக்கிறது முழுக்க வெளிச்சம் வாங்கும். பின்னேரம் அதே இடத்தில் நின்றால் எல்லாம் நிழலுருவம்தான். பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே பார்க்க வேண்டும். இது தெரிந்த விஷயம்தானே என்பீர்கள். ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் மோட்டார் சைக்கிளை நிறுத்த நிழல் இருக்கிற இடத்தில் நின்றுதான் எடுக்கிறார்கள், நான் உட்பட.

இதில் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய பறவை எதிர்காற்றில்தான் எழும்பும், எதிர்காற்றில்தான் இறங்கும், காற்றுக்கு முகம் கொடுத்து மிதக்கும்போது வேகமும் குறைவு. அப்படியானால் காற்றும் வெயிலும் இரண்டும் உங்கள் முதுகில் படுகிற இடம்தான் நல்ல இடம், பறவையின் முகம் உங்களைப் பார்த்து இருக்கும், அந்த முகத்தில் வெளிச்சமும் இருக்கும். ஆனி ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கிற பின்னேரங்களில் படுவான்கரை. தை மாசியில் வாடை வீசுகிற காலைகளில் எழுவான்கரை. வெயில் காலத்துப் பின்னேரம் கடற்காற்று எழும்பிக் கச்சானைத் தள்ளிவிட்டால் இந்தக் கணக்குக் குழம்பும், பறவை வாலைக் காட்டிக்கொண்டு நிற்கும். அது எந்த நாளில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டிச் சொல்ல என்னால் முடியாது, வாவியில் நட்ட கம்பில் சொருகியிருக்கிற பொலித்தீன் எந்தப் பக்கம் படபடக்கிறது என்று பார்த்துத்தான் இடம் மாறுவேன்.

சரி, பத்துக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் வர முடியும் என்றால்? அப்போது வெளிச்சம் மேலிருந்து விழுகிறது, ஆகவே நீங்களும் மேலே போங்கள். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலம் இருக்கிறதே, பாடும் மீன் கேட்கப் போகிற பாலம், அதுதான் என் நண்பகல் இடம். அங்கே செம்பருந்து ஆகாயத்தில் சுற்றுவதைப் பார்த்துக் கழுத்தை வளைக்காதீர்கள். தண்ணீரில் செத்து மிதக்கிற மீனை எடுக்கத் தாழ்ந்து வருகிறதைக் காத்திருங்கள். ஒருநாள் பன்னிரண்டரை இருக்கும், தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வேண்டாத சின்ன மீன் இரண்டைத் தண்ணீரில் வீசினார். பாலத்தின் வடக்குப் பக்கத்திலிருந்து ஒரு செம்பருந்து இறங்கி வந்தது, எங்கள் காலுக்குக் கீழே. மேலிருந்து பார்த்தபோது முதுகு முழுக்கச் செங்காவி, சிறகின் ஒவ்வொரு இறகுக்கும் நடுத்தண்டு கறுப்புக் கோடாகத் தெரிந்தது, வெள்ளைத் தலை, பின்னால் பச்சைக் கறுப்பான வாவித் தண்ணீர். கால் தண்ணீரில் பட்டதும் பட்ட துளியில் வெயில் மின்னியது. உச்சி வெயில் அங்கே ஒரு குறையும் வைக்கவில்லை, ஏனென்றால் வெயில் பட்ட பக்கத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் நின்றவனுக்கு அதே பறவை கறுப்பு நிழல்.

இரண்டாவது வழி, கீழிருந்து வெளிச்சம் வருகிற இடம். கல்யாண வீட்டில் வெள்ளைத் துணியைப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்புவோம். கடற்கரையில் காய்ந்த வெள்ளை மணல் அந்த வேலையைச் சும்மா செய்து தருகிறது. கரைவலை இழுத்து முடிகிற நேரம் போனால் கழித்த மீனுக்காகச் செம்பருந்துகள் தலைக்கு மேலால் தாழ்ந்து வரும், தாழ்வாக வருகிறதுகளின் வயிறு மணலின் ஒளியில் பொன் மாதிரி இருக்கும். பறவை உயரே போகப் போக அந்த உதவி குறையும், ஐம்பதடிக்கு மேலே போனதை நான் எடுப்பதே இல்லை. ஈரமணலும் அவ்வளவு உதவாது, அது இருண்டது. வயலுக்கு மேலே பறந்தால் வயிற்றில் பச்சைச் சாயல் ஏறும், அதைப் பிறகு கணினியில் கழற்றலாம், கொஞ்சம் மினக்கேடு.

இனி வெள்ளை வெந்துபோவது. இதற்குக் காரணம் உங்கள் ஆட்டோ ஐஎஸ்ஓ, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கமராவின் மீட்டருக்குப் பறவை தெரியாது. முன்னால் இருக்கிறதெல்லாம் ஒரு நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக் கணக்குப் போடும். கடற்கழுகு வெள்ளை மேகத்துக்கு முன்னால் போகும்போது, ஐயோ வெளிச்சம் கூட என்று ஐஎஸ்ஓவைக் குறைக்கும், பறவை கறுக்கும். அதே கழுகு அடுத்த நொடி கண்டல் மரங்களுக்கு முன்னால் வந்தால், இருட்டு என்று நினைத்து ஐஎஸ்ஓவைக் கூட்டும், வெள்ளைத் தலை வெந்துபோகும். இவ்வளவு கூத்துக்கும் நடுவில் அந்தக் கழுகின் மேல் விழுகிற வெயில் துளியும் மாறவில்லை. மேகமில்லாத நாளில் அக்கரைப்பற்றில் விழுகிற வெயிலும் வாழைச்சேனையில் விழுகிற வெயிலும் ஒன்றுதான். அதனால் மூன்றையும், ஷட்டர், லென்ஸின் துவாரம், ஐஎஸ்ஓ எல்லாவற்றையும் கையால் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஃபிலிம் காலத்தில் டப்பாவோடேயே வருகிற கணக்கு இது: நல்ல வெயிலில் துவாரம் எஃப் 16, ஷட்டர் ஐஎஸ்ஓவுக்குச் சமம். ஐஎஸ்ஓ 400 என்றால் எஃப் 16இல் 1/400. உங்கள் லென்ஸின் எஃப் 6.3க்கு அதை மாற்றினால் 1/2500. கடற்கழுகின் நெஞ்சும் செம்பருந்தின் தலையும் சுண்ணாம்பு வெள்ளை, ஆகவே இன்னும் கொஞ்சம் இறக்கி 1/3200 அல்லது 1/4000. இப்படி வைத்துவிட்டுப் பின்னணியில் ஆகாயம் வந்தாலும் மரம் வந்தாலும் கையை வைக்காதீர்கள். இந்த எண்கள் சூரியன் ஓரளவு ஏறிய பிறகு, தெளிந்த வானத்துக்கு. காலை ஏழு மணிக்கும் மெல்லிய மேகத்துக்கும் பொருந்தாது.

முதல் பறவைக்கு முன் ஒரு சோதனைப் படம் எடுத்துச் சரிபார்க்க வேண்டும். வெயிலில் நிற்கிற கொக்கு, கரையில் காய்கிற வெள்ளைத் துணி, இல்லாவிட்டால் மணல், எதுவானாலும் சரி. பின்பக்கத் திரையை நம்பாதீர்கள், வெயிலில் அது எப்போதும் இருட்டாகத்தான் தெரியும், இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிப் பிறகு வீட்டில் தலையில் கைவைத்தவன் நான். வெந்த இடம் மினுக்குகிற எச்சரிக்கையைப் போட்டு வையுங்கள், ஹிஸ்டோகிராம் என்கிற வெளிச்ச வரைபடத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள், துவாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு பாருங்கள். அந்தக் காலத்துப் பெட்டிக் கமராக்காரன் மாதிரி இருக்கும், ஆட்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ரோ ஃபைலில் (சென்சர் பதிந்ததை அப்படியே வைக்கிற கோப்பு) எடுங்கள். இருட்டாகிப்போன வயிற்றை அதிலிருந்து இரண்டு மூன்று படி (ஒரு படி என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தூக்கலாம், கொஞ்சம் மணல்மணலாக வரும், அவ்வளவுதான். வெந்துபோன வெள்ளையை எந்த மென்பொருளாலும் திருப்ப முடியாது, அங்கே பதிவே இல்லை.

நேரே தலைக்கு மேலே பறப்பது வேறு கதை. அப்போது நீங்கள் பார்ப்பது முழு நிழலை. வெயிலுக்கும் நிழலுக்கும் ஏறக்குறைய மூன்று படி வித்தியாசம், ஆகவே 1/2500 உதவாது, 1/320 அளவுக்கு இறங்க வேண்டும். ஆகாயம் வெளுத்துப் போகும், போகட்டும். கடற்கழுகுக்கு இந்தக் கோணம் சரிவரும் என்பது என் அனுபவம். அதன் வயிறு வெள்ளை என்பதால் நிழலிலும் இறகு இறகாகத் தெரியும், சிறகின் ஓரத்து இறகுகளுக்குள்ளால் வெயில் ஊடுருவி வரும், இரண்டு மீற்றர் அகலச் சிறகு விரிந்து கிடக்கும்போது கறுப்பு வெள்ளையாக மாற்றினால் கோட்டோவியம் மாதிரி இருக்கும். செம்பருந்துக்கு இதைச் செய்தால் செங்காவி அழுக்குத் தவிட்டு நிறமாகிறது, எனக்குப் பிடிப்பதில்லை, சிலருக்குப் பிடிக்கலாம்.

கண் தெரிய வேண்டுமென்றால் வட்டத்தைக் கவனியுங்கள். வெக்கைக் காற்றில் ஏறுகிற பறவை வட்டத்தின் உள்பக்கம் சரிந்துகொண்டே சுற்றும். சூரியன் உச்சியிலிருந்து நன்றாகச் சரிந்து நிற்கும்போது ஒவ்வொரு வட்டத்திலும் ஒரே ஓர் இடத்தில் அந்தச் சரிவால் வயிறும் முகமும் வெயில் பக்கம் திரும்பும், ஒரு நொடி, ஒன்றரை நொடி. முதல் இரண்டு வட்டத்தைச் சும்மா பாருங்கள், அந்த இடம் எது என்று பிடிபடும். மூன்றாவது வட்டத்தில் அதற்குச் சற்று முன் அழுத்தத் தொடங்குங்கள். வந்ததும் வராததுமாக டிரிகரை அழுத்திப் பிடித்து நானூறு படம் எடுத்து இரவு முழுக்க அழித்துக்கொண்டிருப்பதை விட இது மேல். சூரியன் நடு உச்சியில் இருக்கும்போது இந்த வித்தையும் வேலை செய்யாது.

மசமசப்புக்கு வருகிறேன், நீங்கள் லென்ஸை மாற்றவா என்று கேட்டது இதனால்தானே. எனக்கும் இதே வியாதி வந்தது. உன்னிச்சைக் குளக்கட்டில் நின்று ஒரு மதியம் எடுத்த விராலடிப்பான் (மீன் பிடிக்கிற ஒஸ்ப்ரே பறவை) படங்கள் ஒன்றுகூடக் கூராக இல்லை, லென்ஸ் பழுது என்று முடிவுகட்டிக் கொழும்புக்கு அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்து, இதில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிய துண்டோடு திரும்பி வந்தது, போக வரக் காசு என் தலையில். குற்றவாளி கானல். தரை சுடும்போது அதையொட்டிய காற்றும் சுட்டு எழும்புகிறது, சூட்டுக் காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு மாதிரி வளைக்கின்றன, உங்களுக்கும் பறவைக்கும் நடுவில் ஒரு கொதிக்கிற கண்ணாடி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 மில்லிமீற்றர் லென்ஸ் பறவையைப் பெருப்பிக்கும்போது அந்தக் கொதிப்பையும் சேர்த்துத்தான் பெருப்பிக்கிறது. ஷட்டரை 1/8000 ஆக்கினாலும் தீராது. பத்து லட்சம் ரூபாய் லென்ஸுக்கும் தீராது, தூரத்தைக் குறைத்தால் மட்டும் குறையும். தார் ரோட்டுக்கு மேலாலும் அறுவடை முடிந்த வயலுக்கு மேலாலும் கிடையாகப் பார்ப்பதுதான் ஆக மோசம். தண்ணீருக்கு மேலால் பார்ப்பது நண்பகலில் அதைவிடப் பரவாயில்லை, நிமிர்ந்து ஆகாயத்தைப் பார்ப்பது அதைவிட நல்லது. கல்லடிப் பாலத்திலும் பாலத்தின் நீளப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது, கைபிடிக்கு வெளியே லென்ஸை நீட்டித் தண்ணீரைப் பார்த்து எடுக்க வேண்டும். ஏசி போட்ட வாகனத்துக்குள் இருந்து கண்ணாடியை இறக்கி எடுப்பவர்களுக்கும் இதே தொல்லை, யன்னலடியில் உள்காற்றும் வெளிக்காற்றும் கலக்கிறது. எஞ்சினை நிறுத்தி, எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, கொஞ்ச நேரம் பொறுத்து எடுக்க வேண்டும்.

எத்தனை மீற்றரில் கானல் தொடங்கும் என்று யாராவது ஓர் எண் சொன்னால் நம்பாதீர்கள், அது நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் மாறுகிறது. சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வாவியில் வலை கட்ட நட்ட கம்பு ஒன்றை, நீங்கள் வழமையாகப் பறவை எடுக்கிற தூரத்தில் தெரிவுசெய்யுங்கள். கமராவைச் சுவரில் வைத்து, ஃபோக்கஸை ஒருதடவை பிடித்துப் பூட்டிவிட்டு, ஒரே இடத்திலிருந்து பத்துப் படம் எடுங்கள். பத்தும் ஒரே மாதிரி மசமசப்பு என்றால் ஃபோக்கஸோ லென்ஸோ பிழை. ஒன்று கூராகவும் அடுத்தது கரைந்தும் மூன்றாவதில் கம்பு பாம்பு மாதிரி நெளிந்தும் இருந்தால் அது கானல், லென்ஸுக்குச் செலவழிக்கிற காசைப் பையில் வையுங்கள். ஒருநாள் லீவு போட்டாவது காலை ஆறரைக்கு அதே கம்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

போலரைசர். வாங்க வேண்டாம் என்பது என் கருத்து, சட்டம் இல்லை. அது ஒன்று முதல் இரண்டு படி வெளிச்சத்தைத் தின்னும், சூரியனுக்குச் செங்கோணமான திசையில்தான் நன்றாக வேலை செய்யும், பறவையோ ஆகாயம் முழுக்கச் சுற்றுகிறது, அதன் பின்னால் லென்ஸைத் திருப்பிக்கொண்டே ஃபில்டரையும் திருக உங்களுக்கு மூன்றாவது கை வேண்டும். தண்ணீரோரம் கட்டையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற பறவைக்கு, நீர்ப்பளபளப்பைக் குறைக்க உதவும், மறுக்கவில்லை. பாதுகாப்புக்கு என்று முன்னால் மாட்டுகிற மலிவான கண்ணாடியைக் கழற்றி வையுங்கள், பதிலாக லென்ஸ் ஹுட்டை எப்போதும் மாட்டுங்கள். ஃபிளாஷின் முன்னால் மாட்டுகிற உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று விற்கிறார்கள், தூரத்துக்கு வெளிச்சம் போகும் என்று. மரநிழலில் அதற்கு வேலை இருக்கலாம், வெயிலில் கொண்டுபோகாதீர்கள். சின்ன வயதில் கண்ணாடியால் காகிதம் எரித்திருப்பீர்களே, அதே வித்தையில் சூரியன் ஃபிளாஷின் முகத்தை உருக்கிவிடும்.

லென்ஸையும் அப்படித்தான் கவனிக்க வேண்டும். மூடியில்லாமல் சூரியனைப் பார்க்க வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் உள்ளே சூடு குவிந்து எதையாவது எரிக்கும், மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கமரா) என்றால் சென்சரே போகலாம். பழைய வகைக் கமராவின் கண்ணாடித் துளைக்குள்ளால் பறவையைப் பின்தொடர்ந்து சூரியனுக்குக் கிட்டப் போகவே வேண்டாம், போவது கண். பறவை வெயிலுக்குள் நுழைகிறது என்று கண்டால் கமராவை இறக்கிவிடுங்கள்.

அம்பாறைப் பக்கம் உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது, நான் வருடத்துக்கு ஒன்றிரண்டு தரம்தான் போகிறேன். இங்கினியாகலையில் படகு பிடித்துச் சேனநாயக்க சமுத்திரத்துக்குள் போனால் தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள் நிற்கும், சாம்பல்தலை மீன்கழுகு அதில் வந்து உட்காரும். உட்கார்ந்த பறவைக்கு வட்டமும் காற்றும் தேவையில்லை, படகுக்காரரிடம் சொல்லிச் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் போதும், தண்ணீரின் பிரதிபலிப்பு வயிற்றுக்கும் கொஞ்சம் வெளிச்சம் கொடுக்கும். காலைப் படகு பிடிக்க முடியாவிட்டால் பின்னேரப் படகு, நடுப்பகலில் போய்க் காசைக் கரைக்காதீர்கள். படகு ஆடும், ஆகவே பறக்காத பறவைக்கும் ஷட்டரை 1/1000க்குக் கீழே இறக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். கூடு கண்டால் நண்பகலில் கிட்டப் போகாதீர்கள். அந்த நேரத்தில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும், உங்களைக் கண்டு எழும்பிவிட்டால் குஞ்சு அந்த வெயிலில் வெந்துபோகும், சில நிமிடமே போதும். நல்ல வெளிச்சம் கிடைத்தாலும் அந்தப் படம் வேண்டாம்.

வாற ஞாயிறு மற்றதெல்லாம் கிடக்கட்டும், அந்தக் கம்பைப் பத்துப் படம் எடுங்கள், பிறகு ஐஎஸ்ஓ 400, எஃப் 6.3, 1/3200 வைத்துப் பூட்டி ஒரு வெள்ளைக் கொக்கை எடுங்கள். வெட்டாமல், திருத்தாமல் அப்படியே போடுங்கள், எத்தனை மணி, எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.